இணையதளத்தை இடித்துக் கட்டுவதா, இருப்பதைத் திருத்துவதா?

கேள்வி சுருக்கமாக இதுதான். இயந்திர உதிரிபாகங்கள் விற்கும் சிறு நிறுவனம். 2017இல் வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளில் கட்டிய இணையதளம். நாற்பது பக்கங்கள் இருக்கும். தளத்தின் வழியாக வரும் விசாரணைகள் குறைந்துகொண்டே போகின்றன. ஒரு டெவலப்பர் எல்லாவற்றையும் கழித்துக்கட்டிவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும் என்கிறார். இன்னொருவர் நிறத்தையும் முகப்புப் படத்தையும் மாற்றினால் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

இப்போதைக்கு இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம். விசாரணை ஏன் குறைந்தது என்பதற்கு இருவரிடமும் பதில் இருப்பதாகத் தெரியவில்லை. முதலாமவருக்குப் புதிதாகக் கட்டுவது பெரிய வேலை, நல்ல வருமானம். வேறொருவர் எழுதி வைத்துவிட்டுப் போனதைத் தோண்டித் துருவும் தலைவலியும் இல்லை. இரண்டாமவருக்கு ஒரு வாரத்தில் முடித்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பும் வேலை. இருவரையும் குறை சொல்லவில்லை. அவரவர் கையில் இருக்கும் வேலையைத்தான் அவரவர் சொல்வார்கள்.

ஒரு வணிகத் தளத்தில் பழுது நான்கு இடங்களில் இருக்கலாம். எழுதியிருக்கும் விஷயம், கண்ணுக்குத் தெரியும் தோற்றம், பக்கங்கள் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும் அமைப்பு, அடியில் ஓடும் மென்பொருள். விஷயம் பழசாகிவிட்டதென்றால் உட்கார்ந்து எழுதினால் தீரும். மென்பொருள் செத்துவிட்டதென்றால் எவ்வளவு எழுதினாலும் தீராது. எவ்வளவு தூரம் மாற்றுவது என்ற கேள்விக்கு, பழுது எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் விடை உண்டு. என் அனுபவத்தில் பெரும்பாலான தளங்களில் பழுது முதலாவதில் இருக்கிறது. பணம் இரண்டாவதில் கொட்டப்படுகிறது.

அதற்கு ஒரு காரணம் உண்டு. தளத்தை மாற்ற வேண்டும் என்ற எண்ணம் முதலில் வருவது உரிமையாளருக்கு. அவர் அந்த முகப்புப் பக்கத்தைப் பல ஆண்டுகளாகத் தினமும் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போயிருக்கிறார். வாடிக்கையாளருக்கு அந்தச் சலிப்பு கிடையாது. அவர் ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறார், வேண்டியது கிடைத்ததா என்று பார்க்கிறார், போய்விடுகிறார். போட்டி நிறுவனம் புதிய தளம் திறந்துவிட்டது என்பதும் இதே வகைக் காரணம்தான். அவர்களுக்கு அதனால் வியாபாரம் கூடியதா என்று நமக்குத் தெரியாது.

ஆகவே முதல் வேலை, ஓர் அரை நாள் ஒதுக்குங்கள். அலுவலகக் கணினியில் வேண்டாம், கைபேசியை எடுங்கள். அலுவலக வைஃபையைத் துண்டித்துவிட்டு மொபைல் டேட்டாவில் தளத்தைத் திறங்கள். தேடுபொறியில் நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடாதீர்கள். உங்களை அறியாத ஒருவர் எதைத் தேடுவாரோ அதைத் தேடுங்கள், ஓர் உதிரிபாகத்தின் எண்ணைப் போல. அங்கிருந்து தொடங்கி, ஒரு வாடிக்கையாளராகவே ஒரு விசாரணையை அனுப்பிப் பாருங்கள்.

விசாரணைப் படிவத்தில்தான் பாதிக் கதை இருக்கும். எத்தனை கட்டங்கள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். பெயர், நிறுவனம், பதவி, முகவரி, அஞ்சல் குறியீடு, தொலைநகல் எண் என்று நீண்டுகொண்டே போகிறதா? தொலைநகல் எண்ணைக் கேட்கும் படிவங்களை இன்றைக்கும் பார்க்க முடிகிறது. தொலைபேசி எண் கட்டத்தைத் தொட்டவுடன் எண்கள் மட்டும் உள்ள விசைப்பலகை வருகிறதா, எழுத்துகள் வருகின்றனவா? ஒரு கட்டத்தை விட்டுவிட்டு அனுப்பினால், எதை விட்டீர்கள் என்று சொல்கிறதா, அல்லது அதுவரை தட்டியதையெல்லாம் அழித்துவிட்டு வெறும் படிவத்தைக் காட்டுகிறதா? கடைசியாக, அனுப்பிய விசாரணை யாருடைய மின்னஞ்சலுக்கு வந்து சேர்கிறது? வேலையை விட்டுப் போய் மூன்று ஆண்டுகளான ஒருவரின் பெட்டிக்குப் போய்க்கொண்டிருப்பது அரிய சம்பவம் அல்ல. வேர்ட்பிரஸ் தளங்களில் இன்னொன்றும் நடக்கும்: அனுப்பும் வசதியைச் சரியாக அமைக்காததால் மின்னஞ்சல் சர்வரிலிருந்து கிளம்பி நேராக ஸ்பேம் பெட்டியில் விழும், அல்லது வந்தே சேராது. விசாரணை குறைந்துவிட்டது என்று நீங்கள் நினைக்கிறீர்கள்; விசாரணை வந்துகொண்டிருக்கிறது, உங்கள் கைக்குக் கிடைக்கவில்லை. இந்தப் பழுதைச் சரிசெய்ய ஒரு மணி நேரம் போதும். இதற்காகத் தளத்தை இடித்துக் கட்டுவது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை.

படிவம் ஒழுங்காக வேலை செய்கிறது என்று உறுதியான பிறகு, யார் வருகிறார்கள், எதற்காக வருகிறார்கள் என்று பாருங்கள். இங்கே 2017இல் கட்டிய தளங்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. அப்போது எல்லோரும் வைத்திருந்த பழைய கூகுள் அனலிடிக்ஸ், 2023 ஜூலை 1ஆம் தேதியோடு வருகைகளைக் கணக்கிடுவதை நிறுத்திவிட்டது. புதிய பதிப்புக்கு யாராவது மாற்றிக் கொடுத்தார்களா என்று விசாரியுங்கள். மாற்றவில்லையென்றால், உங்கள் தளத்துக்கு யார் வருகிறார்கள் என்பது அன்றிலிருந்து யாருக்கும் தெரியாது. குறைந்தது என்று சொல்லவும் ஆதாரம் இல்லை. அப்படியானால் கூகுள் சர்ச் கன்சோலைத் திறங்கள். இலவசம்தான், தளம் உங்களுடையது என்று உறுதிசெய்தால் போதும். எந்தச் சொல்லைத் தேடியவர்களுக்கு உங்கள் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று கடந்த 16 மாதக் கணக்கு வரை கிடைக்கும். நாற்பது பக்கங்களில் வருகையின் பெரும்பங்கைச் சுமப்பவை ஏழெட்டுப் பக்கங்களாகத்தான் இருக்கும். அந்த ஏழெட்டின் முகவரிகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இன்னொரு தகவல் மூலத்தை யாரும் மதிப்பதில்லை: உங்கள் அலுவலகத்தில் தொலைபேசியை எடுப்பவர். வாடிக்கையாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் என்ன என்று அவரிடம் கேட்டால் நிமிடத்தில் சொல்வார். இந்த எண்ணுக்கு மாற்றுப் பாகம் உண்டா, கையிருப்பு இருக்கிறதா, அனுப்ப எத்தனை நாள், பழுதானால் திருப்பி எடுப்பீர்களா. இவற்றுக்குத் தளத்தில் பதில் இருக்கிறதா? முகப்பில் 'தரமே எங்கள் தாரக மந்திரம்' என்று இருக்கும்; எத்தனை நாளில் சரக்கு வரும் என்பது எங்கும் இருக்காது.

இனி அடித்தளம். முழுவதும் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தால், காரணம் இங்கேதான் கிடைக்கும். வேர்ட்பிரஸ் ஓடுவது பி.எச்.பி என்ற மொழியில். அதன் 7.4 பதிப்புக்குக்கூட 2022 நவம்பருடன் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. 2017இல் புழக்கத்தில் இருந்த 5.6, 7.0 எல்லாம் அதற்கு முன்பே கைவிடப்பட்டவை. ஆனால் பதிப்பு பழசு என்பதற்காக மட்டும் தளத்தைக் கழிக்க வேண்டியதில்லை. தளத்தின் நகலை வேறோர் இடத்தில் வைத்து, புதிய பி.எச்.பி, புதிய வேர்ட்பிரஸ் இரண்டையும் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். எழுந்து ஓடினால், மேம்படுத்தினால் போதும். சரிந்து விழுந்தால், எது சரிகிறது என்று பாருங்கள். ஒரு பிளகின் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சிறு மென்பொருள்) என்றால் அதற்கு மாற்று தேடலாம். தளத்தின் தோற்றத்தைத் தாங்கும் தீம் எழுதியவராலேயே கைவிடப்பட்டு, எல்லாப் பக்கங்களின் உள்ளடக்கமும் அதன் சொந்தக் குறியீடுகளுக்குள் சிக்கிக்கொண்டிருந்தால், அப்போது முதல் டெவலப்பர் சொன்னது சரி. ஒவ்வொரு பக்கத்தையும் பிரித்தெடுத்துத் திருப்பிக் கட்டுவதும் புதிதாகக் கட்டுவதும் ஏறக்குறைய ஒரே வேலைதான்.

வேர்ட்பிரஸ் அல்லாத தளம் வைத்திருப்பவர்களுக்கும் இதே அளவுகோல்தான். வேர்ட்பிரஸைப் போன்ற இன்னொரு மென்பொருளான ட்ரூபலின் 7ஆம் பதிப்புக்கான ஆதரவு 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தது. அதிலிருந்து புதிய பதிப்புக்குப் போவது கிட்டத்தட்டப் புதிய தளம் கட்டுவதற்குச் சமம் என்பதால் அங்கே வாதத்துக்கு இடமில்லை.

முகவரிப் பட்டையில் 'பாதுகாப்பற்றது' என்று வருகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். 2018 ஜூலையில் வந்த 68ஆம் பதிப்பிலிருந்து குரோம், எச்.டி.டி.பி.எஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு இல்லாத எல்லாத் தளங்களையும் அப்படித்தான் காட்டுகிறது. தளத்துக்கு இடம் கொடுக்கும் ஹோஸ்டிங் நிறுவனங்கள் பல, அதற்கான சான்றிதழை இலவசமாகவே தருகின்றன. தளத்தை மாற்ற வேண்டியதே இல்லை.

கைபேசியைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கூகுள், தளங்களின் கைபேசி வடிவத்தையே முதன்மையாகப் படித்துப் பட்டியலிடும் முறையை 2016இல் அறிவித்து, படிப்படியாக எல்லாத் தளங்களுக்கும் கொண்டுவந்து, 2023 அக்டோபரில் அந்த மாற்றம் நிறைவடைந்தது என்று அறிவித்தது. இதன் பொருள் என்னவென்றால், கணினித் திரையில் அழகாகத் தெரியும் ஓர் அட்டவணை கைபேசி வடிவத்தில் இடம் போதவில்லை என்று நீக்கப்பட்டிருந்தால், தேடுபொறியைப் பொறுத்தவரை அந்த அட்டவணை இல்லை. உங்கள் உதிரிபாக எண்கள் அந்த அட்டவணையில்தான் இருந்தன என்றால், விசாரணை குறைந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

வேகமும் இப்படித்தான். பக்கத்தின் முதன்மையான பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. உங்கள் தளம் தத்தளிக்கிறதென்றால் முதலில் படங்களைச் சந்தேகியுங்கள். கேமராவிலிருந்து எடுத்த நான்கைந்து மெகாபைட் படத்தை அப்படியே ஏற்றிவிட்டு, பக்கத்தில் தீப்பெட்டி அளவில் காட்டியிருப்பார்கள். முகப்பில் தானாக நகரும் ஐந்து படங்களின் வரிசை இருந்தால், முதல் படத்தைத் தவிர மற்றவற்றை யாரும் பார்ப்பதில்லை, எடுத்துவிடுங்கள். படங்களைச் சுருக்குவதற்கு ஒரு பிற்பகல் போதும். தளம் மெதுவாக இருக்கிறது, அதனால் புதிதாகக் கட்டுவோம் என்று சொல்லிவிட்டு, அதே கனமான படங்களைப் புதிய தளத்திலும் ஏற்றுபவர்கள் இருக்கிறார்கள்.

தோற்றம் முக்கியமே இல்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவின் பெர்க்ஷயர் ஹாத்தவே போன்ற மாபெரும் முதலீட்டு நிறுவனம், வெறும் எழுத்தும் லிங்க்குகளும் மட்டுமே கொண்ட முகப்புப் பக்கத்தோடு ஆண்டுக்கணக்கில் இருக்கலாம். அவர்களைப் பற்றித் தெரியாமல் யாரும் அங்கே போவதில்லை. உங்களை முதன்முறையாகப் பார்ப்பவருக்கு அந்தத் தெம்பு வராது. பக்கத்தின் அடியில் பதிப்புரிமை ஆண்டு 2017 என்று நின்றுபோயிருந்தால், செய்திகள் பகுதியில் கடைசிச் செய்தி பல ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கண்காட்சியைப் பற்றியது என்றால், நிறுவனம் இன்னும் இயங்குகிறதா என்ற சந்தேகம் வரும். ஆனால் கவனியுங்கள், இவை இரண்டும்கூட விஷயம் பழசானதன் கோளாறுதான், நிறத்தின் கோளாறு அல்ல. புதிய செய்தி எழுத ஆள் இல்லையென்றால் அந்தப் பகுதியையே எடுத்துவிடுவது நல்லது. நிறுவனத்தின் பெயரோ வணிகத்தின் தன்மையோ மாறியிருந்தால் தோற்றத்தைத் தாராளமாக மாற்றுங்கள். மாற்றும்போது சாம்பல் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து என்ற நாகரிகத்துக்குப் போகாதீர்கள். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்று அணுகல் வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன.

அமைப்பில் கைவைப்பதுதான் உண்மையில் ஆபத்தானது. புதிய தளம் என்றால் பெரும்பாலும் புதிய பக்க முகவரிகள். பழைய முகவரிகளைத் தேடுபொறி அறிந்து வைத்திருக்கிறது, வாடிக்கையாளர்கள் சேமித்து வைத்திருக்கிறார்கள், மற்றத் தளங்கள் லிங்க் கொடுத்திருக்கின்றன. அவை எல்லாம் ஒரே இரவில் 'பக்கம் கிடைக்கவில்லை' என்று ஆனால், இத்தனை ஆண்டுகளில் சேர்ந்த மதிப்பு கரைந்துவிடும். இதற்குத் தீர்வு ஒவ்வொரு பழைய முகவரியையும் அதற்கு நேரான புதிய பக்கத்துக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடுவது. 301 ரீடைரக்ட் என்பார்கள். எல்லாவற்றையும் முகப்புக்கே திருப்பிவிடுவது ஏமாற்று வேலை. கூகுள் அதைப் பக்கம் இல்லை என்றே எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். இந்தத் திருப்பல்கள் குறைந்தது ஓர் ஆண்டாவது இருக்க வேண்டும் என்பது கூகுளின் அறிவுரை. நான் சொல்வேன், எடுக்கவே எடுக்காதீர்கள். இருந்துவிட்டுப் போகட்டும், செலவொன்றும் இல்லை. முன்பு தாளில் எழுதி வைத்த ஏழெட்டு முகவரிகளை, புதிய தளம் திறந்த அன்றே கையால் தட்டிப் பார்க்க வேண்டும்.

பெரிய நிறுவனங்களுக்குப் பணமும் ஆளும் இருப்பதால் இது எளிது என்று நினைக்க வேண்டாம். பிரிட்டனின் சில்லறை விற்பனை நிறுவனமான மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர், சுமார் 15 கோடி பவுண்டு செலவிட்டு 2014 பிப்ரவரியில் புதிய தளத்தைத் திறந்தது. பழைய வாடிக்கையாளர்கள் எல்லோரும் மறுபடியும் பதிவு செய்ய வேண்டியிருந்தது. அந்த ஆண்டு ஜூன் இறுதியுடன் முடிந்த காலாண்டில் அதன் இணைய விற்பனை 8.1 சதவீதம் குறைந்தது. தளம் நிலைபெறும் காலத்தின் விளைவு என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. அவர்களால் ஒரு காலாண்டைத் தாங்க முடிந்தது. உங்களால் முடியுமா என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்சம், வியாபாரம் சூடாக இருக்கும் மாதங்களில் புதிய தளத்தைத் திறக்காதீர்கள்.

புதிதாகக் கட்டுவதற்கான மதிப்பீட்டுக் கடிதத்தில் ஏதோ ஒரு மூலையில் 'உள்ளடக்கத்தை வாடிக்கையாளர் வழங்க வேண்டும்' என்று ஒரு வரி இருக்கும். ஆறு வாரம் என்று தொடங்கிய வேலை ஆறு மாதமானதற்கு நான் பார்த்தவரை காரணம் அந்த ஒரு வரிதான். வடிவமைப்பு தயாராகிவிடும், பக்கங்களில் என்ன எழுதுவது என்று நிறுவனத்தில் யாருக்கும் நேரம் இருக்காது. கடைசியில் பழைய தளத்தின் வாசகங்களையே வெட்டி ஒட்டிவிட்டுத் திறந்துவிடுவார்கள். பணம் போயிற்று, விஷயம் அப்படியே இருக்கிறது.

அதனால் என் யோசனை வரிசையைத் தலைகீழாக்குவது. எந்த முடிவுக்கு வந்தாலும் வீணாகாத வேலை எழுத்து வேலை ஒன்றுதான். அதை இப்போதே, பழைய தளத்திலேயே தொடங்குங்கள். தொலைபேசியில் வரும் கேள்விகளுக்குப் பதில்கள். காலாவதியான பக்கங்களை நீக்குவதோ இணைப்பதோ. அதைவிட முக்கியம், உங்கள் உதிரிபாகப் பட்டியல். அது ஒரே பெரிய பி.டி.எஃப் கோப்பாகத்தான் தளத்தில் இருக்கிறது என்று ஊகிக்கிறேன். இந்தத் தொழிலில் அதுதான் வழக்கம். பி.டி.எஃப் தேடலில் வரத்தான் செய்யும், ஆனால் கைபேசியில் ஒருவர் தொண்ணூறு பக்கக் கோப்பை இறக்கி, விரலால் பெரிதாக்கித் தன் எண்ணைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார். அதிகம் விற்கும் ஐம்பது பாகங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் போடுங்கள். எண், படம், எந்த இயந்திரத்துக்குப் பொருந்தும், மாற்றுப் பாகத்தின் எண், அனுப்ப ஆகும் நாள்கள், கீழே மூன்று கட்டங்கள் மட்டும் உள்ள விசாரணைப் படிவம். இதற்கு டெவலப்பரிடம் ஒரே ஒரு பக்க வார்ப்பு மட்டும் செய்து வாங்கினால் போதும். மற்றப் பக்கங்களில் கை வைக்க வேண்டாம். முழுக்கக் கட்டுவதற்கும் வெறும் நிறம் மாற்றுவதற்கும் நடுவே இப்படி ஒரு வழி இருப்பதை உங்களிடம் யாரும் சொல்லாததுதான் எனக்கு ஆச்சரியம்.

மூன்று மாதம் விட்டு எண்ணிக்கையைப் பாருங்கள். விசாரணை ஏறியிருந்தால் பழைய தளம் இன்னும் உழைக்கும் என்று பொருள். ஏறவில்லையென்றாலும், அந்த ஐம்பது பக்கங்களும் புதிய தளத்துக்கு அப்படியே போகும். அங்கே போய் வெறுங்கையோடு நிற்க மாட்டீர்கள்.

இதற்கிடையில் புதிதாகக் கட்டச் சொன்னவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இப்போதைய தளத்தில் வைத்துத் தீர்க்கவே முடியாத பிரச்சினை எது? 'பழைய தொழில்நுட்பம்' என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் விடாதீர்கள், எந்தப் பிளகின், எந்தப் பதிப்பு என்று கேளுங்கள். தெளிவாகச் சொல்பவர் என்றால் அவரிடமே வேலையைக் கொடுக்கலாம், அது சிறிய வேலையாக இருந்தாலும். பழைய முகவரிகளை என்ன செய்வீர்கள் என்பதற்குப் பதில் தெரியாதவராக இருந்தால் வேண்டாம். யாரிடம் கொடுத்தாலும், தளத்தின் முகவரியான டொமைன் பெயர் உங்கள் நிறுவனத்தின் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, முழு பேக்கப் ஒன்றை உங்கள் கையில் வாங்கி வைத்துக்கொண்ட பிறகே தொட விடுங்கள்.

மென்பொருளின் நிலையை நீங்களே இன்று பார்த்துவிடலாம். வேர்ட்பிரஸ் நிர்வாகப் பக்கத்தில் நுழைந்து, கருவிகள் பகுதியில் தள நலம் என்பதைத் திறந்து, தகவல் தாவலில் சர்வர் என்ற தலைப்பைப் பாருங்கள், பி.எச்.பி பதிப்பு எண் அங்கே இருக்கும். அதே இடத்தில் தீம், பிளகின்களின் பட்டியலும் கிடைக்கும். அதை நகலெடுத்து அனுப்பினால், எது உயிரோடு இருக்கிறது, எது இல்லை என்று பார்த்துச் சொல்கிறேன். அப்படி ஒரு பக்கமே உங்கள் தளத்தில் இல்லையென்றால், 2019 மே மாதத்தில் வந்த 5.2க்கு முந்தைய பதிப்பு ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் உள்ளடக்கம், நிறம் எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு, பேக்கப்பும் மேம்படுத்தலும்தான் இந்த வாரத்து வேலை.